கலம் பிடித்த கைக்கு ஒரு பலகை

கணினியில் சித்திரம் வரைய ஆசைப்படும் தோழிகள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "எந்த டெப்லட் வாங்குவது?" என்பதாகும். அவர்களுடைய பெற்றோர் கேட்பது வேறு கேள்வி: "இது தேவைதானா?" இரண்டுக்கும் விடை தேட நான் சில மாதங்கள் செலவிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இக்கேள்விகள் காசோடும் உம்மாவின் உழைப்போடும் சேர்ந்தே வந்ததால், அவசரப்பட்டு விடை சொல்ல முடியவில்லை. நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் சகோதரிகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் பயன்படலாம்.

முதலில் பெயரிலுள்ள குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நான் "பென் டெப்லட்" என்று சொன்னதும் வாப்பாவின் முகம் மாறியது. அவர் நினைத்தது, கடைகளில் விற்கும் பெரிய தொலைபேசி போன்ற 'டெப்'பை. "படிக்கிற வயசுல அது என்னத்துக்கு மகள்? படம் பார்க்கவும் விளையாடவும்தான் உதவும்" என்றார். உண்மையில் பென் டெப்லட் என்பது வேறு பொருள். அது மெல்லிய, கறுப்பான ஒரு பலகை. அதற்குத் திரை இல்லை, இணையம் இல்லை, விளையாட்டு இல்லை. யுஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்து, அதனுடன் வரும் பேனாவால் பலகையில் வரைந்தால் கோடு கணினித் திரையில் தோன்றும். மவுஸ் செய்யும் வேலையைப் பேனா செய்கிறது, அவ்வளவுதான். வரைவதைத் தவிர வேறெதற்கும் பெரிதாக உதவாத கருவி அது என்பதை விளங்கப்படுத்தியபோது, வாப்பாவின் பாதிக் கவலை தீர்ந்தது. பெற்றோர் அஞ்சும் கவனச்சிதறலுக்கு இந்தப் பலகையில் வழியில்லை.

இந்தக் கருவி புதியதுமல்ல. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1964 ஆம் ஆண்டிலேயே பேனாவால் எழுதக்கூடிய பலகை ஒன்றைக் கணினிக்காக அறிமுகப்படுத்தியது. பின்னர் 1983 இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட வேகொம் நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. இன்று ஹுயியன், எக்ஸ்பி பென் போன்றவையும் விலை குறைந்த பலகைகளைத் தயாரிக்கின்றன. இப்போது வரும் பலகைகள் பலவற்றின் பேனாவில் பெட்டரி கிடையாது. பலகைக்குள் உள்ள கம்பி வலை மின்காந்த அலையை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை ஏற்றுத் திருப்பி அனுப்புகிறது. அதைக்கொண்டு பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதைப் பலகை அறிந்துகொள்கிறது.

இனி காசு. உம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். அவருக்குச் சீட்டு விழுந்தது 40,000 ரூபாய். அந்தக் காசில் ஓர் ஓவர்லொக் இயந்திரம் எடுப்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. அது இல்லாததால் அபாயாக்களின் ஓரங்களை வெளியே கொடுத்துத்தான் அடித்து வாங்குகிறார். என் ஆசையைக் கேட்டதும், "ஓவர்லொக் பிறகு எடுக்கலாம் மகள், நீ எது நல்லதெண்டு சரியாப் பாரு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் தெரிவு பாரமாகிவிட்டது. நான் தேடியது ஒரு பொருளை என்றாலும், செலவாகப்போவது இன்னொருவரின் பொருள்.

கணினி ஓவியத்துக்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது ஐபேட் போன்ற தனிக் கருவி. அதற்கு வேறு கணினி வேண்டியதில்லை, திரையிலேயே வரையலாம், எங்கும் எடுத்துச் செல்லலாம். ஆனால் பேனாவைத் தனியாக வாங்க வேண்டும், விலை இலட்சங்களில் போகும். இரண்டாவது, திரையுள்ள வரைபலகை. அதிலும் படத்தின் மீதே வரையலாம். ஆனால் அது தனியே இயங்காது, கணினி ஒன்று கட்டாயம் தேவை. மூன்றாவது, நான் மேலே சொன்ன திரையில்லாத பலகை. இதற்கும் கணினி தேவை, எனினும் விலை மிகக் குறைவு. எங்கள் வீட்டில் ராத்தா பல்கலைக்கழகத்துக்குப் பயன்படுத்திய பழைய மடிக்கணினி ஏற்கெனவே இருந்தது. ஆகவே கேள்வி எனக்குச் சற்று எளிதாயிற்று. வீட்டில் கணினி இல்லாதவருக்குக் கணக்கு வேறு விதமாக வரும். அவர் பலகையின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

விலை பற்றி இன்னுமொன்று. இவை அனைத்தும் இறக்குமதிப் பொருட்கள். 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதமளவில் அது 350 ரூபாயைத் தாண்டியது. 50 டொலர் பெறுமதியான ஒரு பலகை, கடைக்காரரின் இலாபத்தையும் வரியையும் சேர்க்காமலே 10,000 ரூபாயிலிருந்து 17,500 ரூபாய்க்கு மேல் ஏறியது என்று பொருள். நேற்றுத் தோழி வாங்கிய விலைக்கு இன்று நமக்குக் கிடைக்கும் என்று எண்ணிப் பெற்றோரிடம் கேட்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பது மலிவாகத் தெரிந்தாலும், சுங்க வரியையும், பழுதானால் திருப்பி அனுப்பும் சிரமத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படுவது ஓர் எண்: 2048, 4096, 8192. இப்போது 16384 கூட வந்துவிட்டது. பேனாவை அழுத்தும் பலத்தை எத்தனை படிகளாகப் பலகை பிரித்தறிகிறது என்பதை இந்த எண் குறிக்கிறது. எண் கூடக்கூட ஓவியமும் சிறக்கும் என்று நானும் தோழிகளும் பேசிக்கொண்டிருந்தோம். பிறகுதான் நான் வரைய விரும்புவது எது என்று என்னையே கேட்டேன். எனக்குப் பிடித்தது அரபு எழுத்தணி. 'கலம்' எனப்படும் நாணற் பேனாவின் முனை சாய்வாக வெட்டப்பட்டது. அதைப் பெரும்பாலும் ஒரே சாய்வில் பிடித்துக்கொண்டு கையை நகர்த்தும்போது, கோடு போகும் திசைக்கேற்ப அது தடித்தும் மெலிந்தும் வருகிறது. தடிப்பைத் தருவது முனையின் சாய்வு. அழுத்தத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. கணினியிலும் தட்டையான ஒரு தூரிகையைத் தெரிவுசெய்து அதன் சாய்வை நிலையாக வைத்துவிட்டால் அதே கோடு கிடைக்கிறது. அப்படியிருக்க, 8192 படிகளுக்காக நான் ஏன் உம்மாவின் காசைக் கொடுக்க வேண்டும்?

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சில எழுத்துகளின் கூரிய நுனிகளை எழுதும்போது கலத்தை விரல்களுக்கிடையே மெதுவாகத் திருப்புவார்கள். அந்தத் திருப்பத்தை மலிவான பேனாக்கள் உணர்வதில்லை. வேகொமின் ஆர்ட் பென், 2024 இல் வெளிவந்த ஆப்பிள் பென்சில் புரோ போன்ற சிலவே உணர்கின்றன. எனினும் அக்காலத்து எழுத்தணிக் கலைஞர்களும் எழுதிய பின் எழுத்தின் ஓரங்களைத் தனியாகச் செப்பமிட்டவர்களே. நுனிகளை நானும் அப்படியே பின்னர் திருத்திக்கொள்கிறேன்.

முக ஓவியம், மலர்கள், வர்ணக் கலப்பு என்று வரைபவர்களுக்கு அழுத்தம் முக்கியம்தான். ஆனாலும் 2048 படிகளுக்கும் 8192 படிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கை உணர்வது அரிது. மிக மெல்லிய தொடுகைக்கும் கோடு விழுகிறதா, மெதுவாக இழுக்கும்போது நேர்கோடு நடுங்கி வருகிறதா என்பவையே பார்க்க வேண்டியவை. இவற்றைப் பெட்டியைப் படித்து அறிய முடியாது. வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு மணி நேரம் வாங்கி வரைந்து பார்த்தால் அறியலாம்.

அடுத்தது பருமன். பலகையின் வெளியளவைப் பார்க்காமல் வரையக்கூடிய பகுதியின் அளவைப் பாருங்கள். சிறிய பலகைகளில் அது ஏறத்தாழ 6 அங்குல அகலம். 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் ஏறத்தாழ 13.6 அங்குலம். அதாவது கை ஓர் அங்குலம் நகர்ந்தால் திரையில் கோடு இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளும். கையின் சிறு நடுக்கமும் அதே அளவில் பெரிதாகும். படத்தைப் பெருப்பித்து வைத்து வரைந்தால் இதைச் சமாளிக்கலாம். மணிக்கட்டை மட்டும் அசைத்து வரைபவருக்குச் சிறியது போதும். முழங்கையிலிருந்து பெரிய வளைவுகளை இழுப்பவருக்கு 10 அங்குலப் பலகை வசதி. மேசையில் அதற்கு இடமிருக்கிறதா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

இதைவிடக் கவனிக்கப்படாத ஒன்று, நீள அகல விகிதம். 6 அங்குலத்துக்கு 4 அங்குலமான பலகையை இன்றைய அகலத் திரையோடு அப்படியே இணைத்தால், கை வட்டம் போட, திரையில் 18 சதவீதம் அளவுக்கு அகன்ற முட்டை வடிவம் வரும். எழுத்தணிக்கு இது பெரும் இடைஞ்சல். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, கலத்தின் முனையால் வைக்கும் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு எழுத்துகளின் விகிதங்களை வகுத்தவர் என்று போற்றப்படுகிறார். இத்தனை புள்ளி உயரம், இத்தனை புள்ளி அகலம் என்று பழகிய கையைப் பலகை ஏமாற்றக் கூடாதல்லவா? பலகையோடு வரும் மென்பொருளில் திரையின் விகிதத்துக்கே பலகையையும் அமைக்கும் வசதி உண்டு. அதைச் செய்தால் பலகையின் ஓரத்தில் ஒரு கீற்று வீணாகும். ஆனால் வட்டம் வட்டமாகவே வரும்.

நான் இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வாப்பாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார். "நாற்பது நாள் தாளில எழுதிப் பழகு. நாற்பதாவது நாளும் ஆசை இருந்தா வாங்குவம்." மூங்கிற் குச்சியை வாப்பாவே சீவித் தந்தார். நாளுக்கு ஒரு தாள் எழுதினேன். சோதனைப் பரீட்சைக் காலத்தில் இஷாவுக்குப் பின் பத்து நிமிடம்தான் கிடைத்தது, அதையும் விடவில்லை. நாற்பது தாள்களையும் அடுக்கி வைத்தபோது, முதல் தாளின் அலிஃபும் கடைசித் தாளின் அலிஃபும் ஒரே கை எழுதியவையாகத் தெரியவில்லை. ஆசையும் குறையவில்லை.

நாங்கள் வாங்கியது 6 அங்குல அகலமுள்ள, திரையில்லாத சிறிய பலகை. சீட்டுக் காசில் பாதிக்கும் குறைவாகவே அதற்குப் போனது. மிச்சத்தை உம்மா அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்.

முதல் இரண்டு வாரங்கள் கடினமானவை. கை மேசையில், கண் திரையில் இருப்பது விசித்திரமான உணர்வு. கோடு நினைத்த இடத்தில் விழாது. வட்டங்களும் என் பெயருமாக நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதியதில் கை வழிக்கு வந்தது. வரைவதற்கு க்ரிட்டா என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அது இலவசமானது, திருட்டுப் பிரதி தேட வேண்டிய பாவம் இல்லை. பழைய கணினியில் மிகப் பெரிய படங்களைத் திறந்தால் சற்றுத் தடுமாறும். அளவைக் குறைத்துக்கொண்டால் நன்றாகவே ஓடுகிறது. பேனாவின் முனை தேயும் பொருள் என்பதால், மாற்று முனைகள் பெட்டியில் இருக்கின்றனவா, பிறகு தனியாகக் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் பலகையைத் திருப்பி வைத்து வரைய முடியுமா என்றும் விசாரிக்க வேண்டும்.

அண்மையில் எங்கள் ஊரில் ஒரு திருமண அழைப்பிதழுக்கு மணமக்களின் பெயர்களை அரபியில் எழுதிக் கொடுத்தேன். 1,500 ரூபாய் கிடைத்தது. அதை உம்மாவிடம் கொடுத்தபோது, பழைய பால்மா டின் ஒன்றில் போட்டு, அதன்மேல் "ஓவர்லொக்" என்று எழுதச் சொன்னார். சாதாரண பேனாவால்தான் எழுதினேன். இயந்திரத்தின் விலைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. உம்மா இன்றும் ஓரங்களை வெளியே கொடுத்துத்தான் அடிக்கிறார்.

சகோதரிகளே, பெற்றோரிடம் விலைப்பட்டியலைக் காட்டும் முன் நீங்கள் வரைந்த தாள்களைக் காட்டுங்கள். உங்கள் கை எந்தக் கோட்டைத் தேடுகிறது, வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, யாருடைய காசு செலவாகிறது என்ற மூன்றையும் ஒன்றாக வைத்து யோசித்தால், எந்தப் பலகை என்பது தானாகவே தெளிவாகும். பெற்றோரே, பிள்ளை கேட்டதும் மறுத்துவிடாமல், நாற்பது நாள் தவணை கொடுத்துப் பாருங்கள். ஆசை எது, ஆர்வம் எது என்பது அதற்குள் உங்களுக்கும் பிள்ளைக்கும் விளங்கிவிடும், இன்ஷா அல்லாஹ்.