வெண்கலப் பரிசைகளும் எஃகுக் காசும்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 14:25-28



இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் செம்புக்குப் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. தோட்டாக்களுக்கும் குண்டுகளின் உறைகளுக்கும் செம்பு தேவைப்பட்டதால், ஒரு சென்ட் காசுக்கு மாற்றுப் பொருளைத் தேடவேண்டியதாயிற்று. 1942-ஆம் ஆண்டில் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும்கூடக் காசுகளைச் செய்து சோதித்துப் பார்த்தார்கள். முடிவில் 1943-இல், துத்தநாகம் பூசிய எஃகுக் காசு வெளிவந்தது.

அதில் குறைகள் பல. புதிதாய்ப் பளபளத்தபோது பத்து சென்ட் காசென்று பலர் மயங்கினார்கள். பூச்சுத் தேய்ந்தபின் துருப்பிடித்தது. ஆயினும் அதைச் செம்பென்று எவரும் நம்பவில்லை. நம்பவைக்க அரசும் முயலவில்லை. செம்பு போருக்குப் போயிற்று என்பதை அதன் வெளிறிய நிறமே அறிவித்தது.

ரெகொபெயாம் ராஜா செய்ததோ வேறு. சாலொமோன் செய்வித்த பொன் பரிசைகளை எகிப்தின் ராஜாவாகிய சீஷாக் எடுத்துக்கொண்டு போனான். ரெகொபெயாம் வெண்கலப் பரிசைகளைச் செய்வித்தான். அவன் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் சேவகர் அவற்றைப் பிடித்துச் சென்றார்கள். துலக்கிய வெண்கலம் தூரத்திலிருந்து பார்த்தால் பொன்னைப்போலவே மின்னும். பொன் போயிற்று, ஊர்வலம் மட்டும் நிற்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் என் தனிஜெபம் வற்றிப்போயிருந்தது. பிரசங்கபீடத்தில் என் குரல் தாழவில்லை. ஆராதனை முடிந்ததும் சபையார் மகிழ்ச்சியோடு கைகுலுக்கிச் சென்றார்கள். ஒருநாள் இரவு என் மனைவி மாத்திரம், "நாம் இருவரும் சேர்ந்து ஜெபித்து எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. முழங்காற்படியிட்டேன். தடுமாற்றமாய் இரண்டே வாக்கியங்கள் வந்தன. அலங்காரமற்ற, துருவேறிய ஜெபம்; ஆனாலும் அதில் பொய் இல்லை.

அன்பானவர்களே, இழப்பு நேரிடுவது பாவமன்று. இழந்ததை மறைக்க நாம் துலக்கிப் பிடிக்கும் வெண்கலமே நம்மைத் தேவனுக்குத் தூரமாக்குகிறது. பொன் இல்லாதபோது, "ஆண்டவரே, என்னிடம் இருப்பது இவ்வளவே" என்று எஃகையே அவர் கரத்தில் வையுங்கள்.

எஃகுக் காசு அச்சிடப்பட்டது ஓராண்டு மட்டுமே. 1944-இல் செம்பு திரும்பியது. சுட்டுத் தீர்ந்த தோட்டா உறைகளின் உலோகமும் காசுக்கு வந்து சேர்ந்தது. போரில் செலவானதையும் மீட்டுத்தர நம் தேவன் வல்லவர். இந்த வாரம் உங்கள் பரிசைகளைத் தூர வைத்துவிட்டு, அவர்முன் வெறுங்கையோடு நில்லுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.