வாசித்த முடிவு

இங்கிலாந்தில் தேர்தல் அதிகாரி மைக்கைப் பிடித்து முடிவை வாசித்துவிட்டால், அந்த நொடியோடு அவருடைய அதிகாரம் தீர்ந்துவிடுகிறது. மறுநாள் காலையில் கூட்டல் தவறு என்று அவரே கண்டுபிடித்தாலும் ஓர் எண்ணைக்கூட அவரால் மாற்ற முடியாது. நகர மன்றத்துக்கும் அந்த அதிகாரம் கிடையாது, அமைச்சருக்கும் கிடையாது. 1983-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி அதை மாற்றக்கூடியது நீதிமன்றம் ஒன்றுதான். யாராவது தேர்தல் மனு போட்டால்தான் நீதிமன்றமும் அசையும். உள்ளாட்சித் தேர்தலில் அப்படி மனு போடும் தகுதி, தேர்தலில் நின்ற வேட்பாளருக்கும், நான்கு பேருக்குக் குறையாமல் சேர்ந்து வரும் வாக்காளர்களுக்கும் மட்டுமே. வாக்களிப்பு நாளிலிருந்து 21 நாள் அவகாசம். அதற்குள் வராவிட்டால் தவறான முடிவே சட்டப்படி சரியான முடிவு.

இந்த விதிகளை நான் பாடமாகப் படித்தவன். அவற்றின் கனம் எவ்வளவு என்று தெரிந்தது, வடக்கு இங்கிலாந்தின் ஒரு நகரத்தில் நான் சொலிசிட்டராக இருந்தபோது வந்த ஒரு வழக்கில். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் குற்றம் செய்தவர்கள் அல்ல. அதனால் நகரத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன்.

என் கட்சிக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அம்மையார். மே மாதத்தின் முதல் வியாழக்கிழமை நடந்த கவுன்சிலர் தேர்தலில் தன் வார்டில் நின்றவர். வார்டுக்கு மூன்று இடங்கள். ஒவ்வொரு வாக்காளரும் மூன்று பேர்வரை பெருக்கல் குறி போடலாம். இந்த ஏற்பாட்டில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு வார்டுக்கு ஒரே கவுன்சிலர் என்றால் சீட்டுகளை வேட்பாளர்வாரியாகப் பிரித்துக் கட்டு கட்டாக எண்ணிவிடலாம். மூன்று இடம் என்றால் அப்படி முடியாது. ஒரே கட்சியின் மூவருக்கும் விழுந்த சீட்டுகளைத் தனியே கட்டலாம். ஆனால் மக்கள் கலந்து போடுகிறார்கள்: இந்தக் கட்சியில் ஒருவர், அந்தக் கட்சியில் ஒருவர், தெருவில் தெரிந்த முகம் ஒன்று. இந்தக் கலப்புச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்து, கட்டம் போட்ட பெரிய தாளில் வேட்பாளர் பெயருக்கு நேரே கோடு போட்டுக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தாளின் கூட்டுத்தொகையும் பிறகு ஒரு சுருக்கப் பட்டியலுக்குப் போகும். பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். இரவு வெகுநேரம் ஆகியிருக்கும். எண்ணுபவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர்களாகவும் இருப்பார்கள்.

அந்த அம்மையாருக்கு அறிவித்த வாக்குகள் 1,412. மூன்றாவது இடத்தை வென்ற இளைஞருக்கு 1,431. வித்தியாசம் 19. மறுஎண்ணிக்கை கேட்டார், அதிகாரியும் ஒப்புக்கொண்டார். ஆனால் மறுபடி கூட்டிப் பார்த்தது சுருக்கப் பட்டியலை மட்டும். பட்டியலுக்குள் வருமுன்னே நேர்ந்த பிழை அதில் எப்படித் தெரியும்? அதே எண்தான் வந்தது. முடிவை வாசித்துவிட்டார்கள்.

அவருடைய பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் எண்ணிக்கை ஏஜென்டாக உட்கார்ந்திருந்தான். மேசை மேசையாகத் தாள்களின் எண்களைத் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தான். வார இறுதியில் உட்கார்ந்து கூட்டியபோது ஒரு தாளில் இடித்தது. அவன் நோட்டில் அம்மையாருக்கு 58, அவருக்கு அடுத்த வரியில் இருந்த இளைஞருக்கு 23. சுருக்கப் பட்டியலில் இரண்டும் இடம் மாறியிருந்தன. அவருக்கு 35 குறைந்து, இளைஞருக்கு 35 கூடியிருந்தது. சரி செய்தால் அம்மையார் 51 வாக்கில் ஜெயித்திருக்க வேண்டும்.

அவர்கள் தேர்தல் அதிகாரிக்கு எழுதினார்கள். அவர் நேர்மையானவர். தாள்களை எடுத்துப் பார்த்து, தவறு நடந்தது போலத்தான் தெரிகிறது என்று எழுத்தில் பதில் கொடுத்தார். அடுத்த வரியிலேயே, இதைத் திருத்த எனக்குச் சட்டத்தில் வழியில்லை, வழக்கறிஞரைப் பாருங்கள் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தோடு அம்மையார் என்னிடம் வந்தார்.

“தப்பு செய்தவரே தப்பு என்று ஒத்துக்கொண்டபிறகு நான் எதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சட்டம் அப்படி இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அதிகாரி தானே மனு போடலாமா என்றால், மனு போடக்கூடியவர்கள் பட்டியலில் அவர் இல்லை.

தேர்தல் மனு என்றதும் இங்கே வழக்கறிஞர்களுக்கு நினைவுக்கு வருவது பர்மிங்ஹாம். 2000-ல் வந்த சட்டம், கேட்டவர்களுக்கெல்லாம் அஞ்சல் வாக்கு என்று கதவைத் திறந்துவிட்டது. 2004 ஜூன் உள்ளாட்சித் தேர்தலில் போர்டஸ்லி கிரீன், ஆஸ்டன் என்ற இரண்டு வார்டுகளில் அஞ்சல் வாக்குகளை மொத்தமாகத் திரட்டி மோசடி செய்தார்கள். ஒரு கிடங்கில் சிலர் வாக்குச் சீட்டுகளைப் பரப்பி வைத்திருந்ததைப் போலீஸே நேரில் பார்த்தது. தேர்தல் நீதிமன்ற ஆணையராக விசாரித்த ரிச்சர்ட் மாவ்ரி 2005 ஏப்ரலில் இரண்டு தேர்தல்களையும் செல்லாது என்றார். ஆறு கவுன்சிலர்கள் குற்றம் புரிந்தவர்கள் என்று தீர்ப்பளித்தார். அவர்களில் ஒருவர் பின்னர் மேல்முறையீட்டில் விடுபட்டார். அஞ்சல் வாக்குக்குக் கையொப்பமும் பிறந்த தேதியும் தர வேண்டும் என்ற விதியை 2006 சட்டம் கொண்டுவந்தது. இந்த வழக்கில் நான் மறக்காத செய்தி வேறொன்று. அவ்வளவு பெரிய மோசடியையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது அரசு இயந்திரம் அல்ல, அந்த வார்டுகளைச் சேர்ந்தவர்கள்தான். செலவையும் ஆபத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வராமல் இருந்திருந்தால் அந்த முடிவுகள் அப்படியே நின்றிருக்கும்.

எங்கள் வழக்கில் மோசடி இல்லை, ஒரு தாளில் இரண்டு வரிகள் இடம் மாறியது மட்டுமே. ஆனால் கடக்க வேண்டிய வாசல்கள் எல்லாம் அதேதான்.

முதலில் பணம். மனு கொடுத்தவர், எதிர்த்தரப்பின் செலவுக்குப் பிணை கட்ட வேண்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கு அந்தத் தொகை 2,500 பவுண்டு வரை போகும். எங்களுக்கு முழுத்தொகையும் கேட்டார்கள். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை. தங்கையிடம் கடன் வாங்கினார். அது பிணை மட்டும்தான், தோற்றால் செலவு அதோடு நிற்காது என்று நான் எச்சரித்தபோது, சற்று யோசித்துவிட்டு, “எனக்கு ஓட்டுப் போட்டவர்களில் 35 பேரை எடுத்து இன்னொருவர் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அவர்களை நான் அங்கேயே விட்டுவிட்டுப் போக முடியாது” என்றார். அந்தப் பேச்சுக்குப் பிறகு இந்த வழக்கை நான் வேறு எவருக்கும் கைமாற்றத் தயாராக இல்லை.

அடுத்தது காலம். மனுவை லண்டன் ஸ்ட்ராண்டில் உள்ள ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் கட்டடத்தில், தேர்தல் மனு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பிணையைக் கட்டிய பிறகு, எதிர்மனுதாரர்களுக்கு மனுவும் பிணை பற்றிய அறிவிப்பும் ஐந்து நாளுக்குள் சேர வேண்டும். இதில் ஒரு நாள் பிசகினாலும் கதை முடிந்தது. 2002-ல் அஹமத் எதிர் கென்னடி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: இந்தக் கெடுவை நீட்டிக்க நீதிபதிக்கே அதிகாரமில்லை. சாதாரண சிவில் வழக்கில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி வாய்தா கேட்கலாம், தேர்தல் மனுவில் அதற்கு இடமே இல்லை. முடிவு சீக்கிரம் உறுதியாக வேண்டும் என்ற நோக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் மனு போட இந்தியாவில் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கு 45 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இங்கே 21 நாளில் வழக்கறிஞரைத் தேடி, பணத்தைப் புரட்டி, ஆதாரத்தைத் திரட்டி வந்து நிற்பது வசதியுள்ள கட்சிக்கு இயலும், பேருந்து ஓட்டியவருக்குக் கடினம். மனுவைத் தபாலை நம்பி அனுப்பாமல் நானே ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர்மனுதாரர்களுக்கும் ஆள் அனுப்பிக் கையில் சேர்த்தேன்.

எதிர்மனுதாரர்கள் இருவர். முடிவை அறிவித்த தேர்தல் அதிகாரி ஒருவர். மற்றவர் வென்றதாக அறிவிக்கப்பட்ட இளைஞர். அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதன்முதலாகத் தேர்தலில் நின்று, பதவி ஏற்புறுதியில் கையெழுத்திட்டு, குப்பைத் தொட்டி புகார்களுக்குப் பதில் எழுதத் தொடங்கியிருந்தவர். ஒரு தவறும் செய்யாதவர். மனு கையில் கிடைத்ததும் அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, “நான் ராஜினாமா செய்துவிடுகிறேன், அவர் வரட்டும்” என்றார். உங்கள் சார்பில் வேறு வழக்கறிஞரிடம் ஆலோசனை கேளுங்கள் என்று முதலில் சொல்லிவிட்டு, சட்டத்தின் நிலையை மட்டும் விளக்கினேன். ராஜினாமா செய்தால் இடம் காலியாகும். காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் வரும். அம்மையாருக்கு அந்த இடம் போகாது. ஏற்கெனவே ஜெயித்தவர் இன்னொரு முறை வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்க வேண்டியிருக்கும். மே மாதத்தில் மக்கள் கொடுத்த தீர்ப்பு குப்பைக்குப் போகும்.

சட்டம் அவருக்கு ஒரு கண்ணியமான வழியை வைத்திருக்கிறது. மனுவை எதிர்க்கப் போவதில்லை என்று அறிவிப்புக் கொடுக்கலாம். அவர் கொடுத்தார். அவருடைய கட்சியினர் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வாக்கு நகர மன்றத்தில் எவ்வளவு பெரிது என்று தெரிந்தவர்கள் அவர்கள். அப்படியும் அவர் பின்வாங்கவில்லை.

எதிர்ப்பில்லை, அதிகாரியும் ஒப்புக்கொண்டார். அப்படியும் இரு தரப்பும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வழக்கை முடித்துக்கொள்ள முடியாது. பதவி இரண்டு பேருக்கு இடையிலான சொத்து அல்ல, வார்டு மக்களுடையது. அதனால் சம்மதத் தீர்ப்பு என்ற பேச்சே இல்லை. உண்மையில் யார் ஜெயித்தார் என்று நீதிமன்றமே கண்டறிந்து சொல்ல வேண்டும். இந்தப் பிடிவாதத்தை நான் முழு மனதோடு மதிக்கிறேன்.

கண்டறிய வேண்டுமானால் சீட்டுகளைப் பார்க்க வேண்டும். எண்ணி முடித்த சீட்டுகளை முத்திரையிட்ட பொதிகளில் ஓராண்டு பாதுகாத்து, பிறகு அழித்துவிடுவார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவற்றை எவரும் தொடக் கூடாது. உயர் நீதிமன்றத்தில் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவு வாங்கினோம். பொதிகள் லண்டனுக்கு வந்தன.

எண்ணிக்கை நடந்த அறையில் ஆரவாரம் எதுவும் இல்லை. நீதிமன்ற அதிகாரியின் மேற்பார்வையில் முத்திரைகளைச் சரிபார்த்து, எல்லோர் கண்முன்னும் பிரித்தார்கள். சீட்டின் பின்புறம் ஓர் எண் உண்டு. அதைக் கொண்டு யார் யாருக்குப் போட்டார் என்று தேடிப் பிடிக்க முடியும் என்பதால், எண்ணும்போது சீட்டுகள் முகம் மேலே இருக்கும்படிதான் வைக்க வேண்டும். அதை அவர்கள் கடைசிவரை தவறாமல் கடைப்பிடித்தார்கள். கலப்புச் சீட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பெருக்கல் குறிக்குப் பதில் சரிக்குறி போட்டவை, பெயரைச் சுற்றி வட்டம் வரைந்தவை சில இருந்தன. வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் சீட்டு செல்லும் என்பது விதி, அப்படியே ஏற்றார்கள். நான்கு பேருக்குக் குறி போட்டிருந்த சீட்டுகளை ஒதுக்கினார்கள். மாணவனின் நோட்டில் இருந்த அந்தத் தாளுக்குரிய கட்டு வந்தபோது நான் கூடவே எண்ணினேன். 58, 23. அவன் எழுதியது சரி.

எல்லாம் முடிந்தபோது அம்மையாருக்கு 1,446. இளைஞருக்கு 1,398. முதல் எண்ணிக்கையின் வேறு சில சில்லறைப் பிசகுகளும் இதில் வெளிப்பட்டன. வித்தியாசம் 48. அவரே முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அதற்குள் நகர மன்றம் பல கூட்டங்களை நடத்தி முடித்திருந்தது. அந்தக் கூட்டங்களில் வார்டு மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கு நாற்காலி இல்லை. அந்த மாதங்களை எந்த உத்தரவாலும் திருப்பித் தர முடியாது.

தேர்தல் தகராறுகளை நாடாளுமன்றம் தன் கையிலிருந்து நீதிபதிகளிடம் ஒப்படைத்தது 1868-ல். இன்றைய மனு முறையின் எலும்புக்கூடு அந்தக் காலத்தது. லஞ்சமும் சாராயமும் ஓடிய விக்டோரியா காலத் தேர்தல்களில், தோற்ற பணக்காரர் ஜெயித்த பணக்காரரை மடக்குவதற்காகக் கட்டிய முறை. நேர்மையான அதிகாரியின் நேர்மையான தவறு அதற்குள் பொருந்துவதில்லை. சட்ட ஆணையம் 2016-லும் பிறகு 2020 இறுதி அறிக்கையிலும் இந்த முறையை எளிமையாக்கி, சாதாரண நீதிமன்ற நடைமுறைக்குள் கொண்டுவரச் சொன்னது. தேர்தல் அதிகாரிக்கே மனு போடும் உரிமை வேண்டும் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. 2022-ல் புதிய தேர்தல் சட்டம் வந்தது. வாக்குச் சாவடியில் வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும் என்றது. வாக்காளரிடம் அவ்வளவு கறாராக இருந்த சட்டம், அவருடைய வாக்கைத் தவறாகக் கூட்டினால் யார் பொறுப்பேற்றுத் திருத்துவது என்ற கேள்வியின் பக்கமே போகவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். தவறு பொது அலுவலகத்தில் நடக்கிறது. திருத்தும் சுமை தனி மனிதரின் சேமிப்பில் விழுகிறது.

செலவுத்தொகையைத் தேர்தல் அதிகாரியின் தரப்பு ஏற்றது. இளைஞர் அடுத்து வந்த தேர்தலில் அதே வார்டில் நின்று ஜெயித்து, அம்மையாரோடு அதே மன்றத்தில் உட்கார்ந்தார். பிணைத்தொகை திரும்பி வர இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. காசோலை வந்த அன்றே அம்மையார் அதைத் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.