பல்வார் மாற்றிய வரலாறு

மோட்டார் வண்டி உடையார் பலர். அதன் முன்மூடியைத் திறந்து உள்ளே நோக்குவார் சிலர். அங்ஙனம் நோக்குவார்க்கும் புலப்படாது ஒரு கறுத்த உறைக்குள் மறைந்து கிடப்பது டைமிங் பெல்ட் என வழங்கும் பல்வார். கண்ணாடி இழைகளை உள்ளீடாகக் கொண்டு ரப்பரால் ஆக்கப்பெறும் இவ்வாரினைப் பெருவாரியாக உற்பத்தி செய்த கார்களில் முதன்முதல் அமைத்தவர் ஜெர்மனி நாட்டுக் கிளாஸ் கம்பெனியார்; ஆண்டு 1962. அதற்கு முன்னர் அத்தொழிலைச் சங்கிலியும் பற்சக்கரங்களுமே செய்து வந்தன. இன்றும் பல வண்டிகளிற் சங்கிலியே உளது.

இவ்வாரின் தொழில் யாதோ எனின், கிராங்க் தண்டு இருமுறை சுழலுங்கால் காம் தண்டு ஒருமுறை சுழலுமாறு இரண்டையும் பிணித்து நிற்றலே. நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகின்றது. வால்வு இறங்கும் இடத்திற்கே பிஸ்டனும் ஏறி வருகின்றது. ஒன்று விலகிய பின்னரே மற்றொன்று வருமாறு நடத்துவது அவ்வாரே. அஃது அறுமாயின், திறந்தபடி நின்றுவிட்ட வால்வுகளைப் பிஸ்டன்கள் மோதி வளைத்துவிடும். எல்லா எஞ்சின்களும் இத்தகையன அல்ல, எம்முடையது இத்தகையதே.

அது காலஞ்சென்ற எம் தந்தையார் 2001ஆம் ஆண்டில் வாங்கிய ஹோண்டா சிட்டி. பாளையங்கோட்டையினின்று ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குத் திங்கள்தோறும் அன்னையாரை மருத்துவத்திற்கு அழைத்துச் செல்வது அவ்வண்டியிலேதான். தந்தையாரின் சிறு குறிப்பேட்டிற் பல்வார் மாற்றியதாகக் கண்ட இறுதிக் குறிப்பு 2011ஆம் ஆண்டினது. அன்றியும், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையினின்று கூலண்ட் கசிந்து பச்சைக் கறையாய் வழிந்திருந்தது. உள்ளடைப்புத் தேய்ந்தமைக்கு அத்துளையே சான்று. எம் வண்டியில் அப்பம்பைச் சுழற்றுவதும் பல்வாரே. பம்பின் பேரிங் இறுகினால் வாரும் அழியும். ஆதலின் இரண்டையும் ஒருங்கே மாற்றுதலே முறை. நாங்கள் வினவிய பணிமனையார் ஒருவரோ, "இத்துணைப் பழைய வண்டிக்கு இச்செலவு எதற்கு? பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்றனர். அன்னையார் ஒன்றும் கூறவில்லை. யாமும் எம் தம்பியும் வீட்டு முற்றத்திலேயே அவ்வேலையைத் தொடங்கினோம்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னர்ப் பாட்டரியின் இணைப்பைக் கழற்றி, கூலண்டை ஒரு பாத்திரத்தில் வடித்து மூடி வைத்தோம். அந்நீரை நாயும் பூனையும் நக்கி மடியும். இதனைப் பலர் கருதுவதில்லை. முன்பக்கத்து இடச்சக்கரத்தை அகற்றித் தாங்கிகளை நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ப் புகுதல் உயிருக்கு உலை. எஞ்சினின் அடியில் மரக்கட்டை வைத்து மற்றொரு ஜாக்கியால் தாங்கிய பின்னரே பக்கத்து மவுண்டிங்கைக் கழற்றினோம்.

கிராங்க் கப்பியின் போல்ட்டுதான் எம்மை ஒரு பகல் முழுதும் வருத்தியது. ஸ்டார்ட்டரைத் தட்டி அதனை இளக்கும் தந்திரம் பிற வண்டிகளுக்குச் செல்லும். எம் எஞ்சினோ, கப்பிப் பக்கமிருந்து நோக்குவார்க்கு இடஞ்சுழியாகச் சுழல்வது. அத்தந்திரம் போல்ட்டை இன்னும் இறுக்கவே செய்யும். அடுத்த வீட்டு அண்ணாச்சி, லேத்துப் பட்டறையில் நெடுநாள் உழைத்தவர், கப்பியைப் பிடிக்கும் கருவியும் ஓர் ஆள் நீள இரும்புக் குழாயும் கொணர்ந்தார். தம்பி கருவியைப் பற்ற, யாம் குழாயில் எம் உடற்பாரம் முழுவதையும் சாய்க்க, வெடியோசை போன்றதோர் ஒலியுடன் அது இளகியது.

பின்னர் அடையாளங்களைப் பொருத்தினோம். காம் சக்கரத்தில் 'அப்' எனப் பொறித்த குறி மேலே நிற்க, கிராங்க் சக்கரத்தின் குறி தன் முள்ளுக்கு நேரே நின்றது. பழைய வாரைக் கழற்றி வளைத்துப் பார்த்தபோது பற்களின் அடிதோறும் மயிரிழை போன்ற வெடிப்புகள். அதனைக் கண்ட தம்பி, "அண்ணா, இதை நம்பியா அம்மாவை மதுரைக்கு அழைத்துச் சென்றோம்?" என்றான். யாம் விடை கூறவில்லை.

புதிய பம்பையும் அதன் ரப்பர் வளையத்தையும் அமைத்து, புதிய வாரை மாட்டினோம். "கையால் சுற்றிப் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள், தம்பி" என்றார் அண்ணாச்சி. வாரின் முறை பிறழ்ந்து வால்வும் பிஸ்டனும் முட்டுமாயின் கை அதனை உணர்ந்து நின்றுவிடும், ஸ்டார்ட்டர் உணராது. ஆறு சுற்று மெல்லச் சுற்றினோம். எங்கும் தடையில்லை, குறிகளும் நேர்நின்றன. இழுவைப் போல்ட்டை அரைச் சுற்று இளக்கி, காம் சக்கரம் மூன்று பல் நகருமளவு இடஞ்சுழியாகத் திருப்பி, மீண்டும் இறுக்கினோம். எஞ்சியவற்றைப் பூட்டிக் கூலண்டு நிரப்பி முடிக்க மறுநாள் மாலை ஆயிற்று. முதல் முடுக்கிலேயே எஞ்சின் ஓடியது.

அடுத்த மதுரைப் பயணத்திற் கோவில்பட்டியில் வண்டியை நிறுத்தி முன்மூடியைத் திறந்தோம். அன்னையார், "என்னப்பா, நின்றுபோயிற்றா?" என்று வினவினார். "இல்லை அம்மா, சும்மா பார்க்கிறோம்" என்றோம். பம்பின் அடியில் ஒரு துளி ஈரமும் இல்லை. கடலை மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு சாத்தூர் வழியே சென்றோம்.