வாத்து எடுக்கத் தெரியாத லேப்ரடார்

ஜூஜுவாடியில் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் வீடுகளின் கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று போர்டு தொங்கும். எட்டிப் பார்த்தால் பல வீடுகளில் லேப்ரடார். திருடன் வந்தாலும் வாலாட்டும் ஜாதி! பாவம், அதன் வேலையே வேறு.

அதன் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு கடலில் நீந்திய நாய்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவற்றைக் கொண்டுபோய், சுட்டு விழுந்த வாத்தைக் குதறாமல் எடுத்துவரப் பழக்கினார்கள். பிரபுக்களுக்கு என்ன குறைச்சல்? பறவையைக் காட்ட ஒரு நாய், கிளப்ப ஒரு நாய், எடுத்துவர ஒரு நாய். ஜெர்மனியில் 1848-க்குப் பிறகு சிறு நிலக்காரர்களும் வேட்டைக்குப் போக முடிந்தது. அத்தனை நாய்க்கும் அவர்களால் சோறு போட முடியுமா? அதனால் எல்லா வேலையும் தெரிந்த ஒரே நாயை உருவாக்கினார்கள். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் அப்படி வந்ததுதான்.

நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து, ஓடி, முயல் பிடிப்பவை. எல்லைக்கு அந்தப் பக்கத்து முதோலும் அதே ரகம்.

பல வேலை நாய்க்குப் பயிற்சி குட்டியிலேயே தொடங்கும். தண்ணீரில் தூக்கிப் போடக்கூடாது. ஆளும் கூடவே இறங்க வேண்டும். துப்பாக்கிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து மெல்லப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் பட்டாசுக்கு நடுங்கும் நாய்தான் மிஞ்சும். எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம் 'நில்'. கண்முன்னே கௌதாரி படபடவென எழும்பும்போது துரத்தாமல் நிற்பது லேசா என்ன?

சரி, ஓசூர்ப் பக்கம் எதை வேட்டையாடுவது? எதையும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் சிறு வேட்டைக்கு லைசென்ஸ் இருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. நாயை விட்டுத் துரத்துவதும் சட்டப்படி வேட்டைதான் (சிப்பிப்பாறைக்காரர்கள் கவனிக்க).

ஆனால் பறவையும் துப்பாக்கியும் இல்லாமலே பாதிப் பாடம் நடத்தலாம். பழைய சாக்கை இறுக்கிச் சுருட்டிக் கட்டி எறியுங்கள். ஓடவிடாமல் நிறுத்தி, சொன்ன பிறகு போகவிடுங்கள். அப்புறம் புல்லில் ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். நீந்தவிட, கம்பெனிக் கழிவு கலக்காத தண்ணீராகப் பாருங்கள். பறவைகள் இறங்கும் கரை வேண்டாம்.

எஜமானர் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை சங்கிலியில் கிடக்கும் லேப்ரடார், வந்ததும் அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும். உடனே அடி விழும். எடுத்துவருவதற்கென்றே வளர்த்த இனம் அது, வேறு என்ன செய்யும்? செருப்புக்குப் பதில் சாக்கு உருண்டை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், நாய்க்கு அலுப்பதற்குள் நிறுத்திவிடுங்கள்.