ஒளியும் கிருமியும்

சென்ற கார்த்திகைத் திங்களில் எம் தந்தையாரின் வலக்காலில் ஒரு சிறு புண் உண்டாயிற்று. அவர் நீரிழிவு நோயுடையவர். ஆதலின் அஃது ஆறாது வளர்ந்தது. சீழைப் பரிசோதித்துத் தந்த தாளில் பன்னிரண்டு மருந்துகளின் பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்பதற்கு நேரே, கிருமி இதற்கு அடங்காது என்னும் குறி இடப்பட்டிருந்தது. அவருக்குச் சளி பிடித்த போதெல்லாம் மருத்துவரைக் கேளாமல் அத்தகைய மருந்துகளைக் கடையில் வாங்கிக் கொடுத்தவர் யாமே. சளியை விளைக்கும் வைரஸை அவை தீண்டா என்று பாடநூலிற் படித்திருந்தும் அவ்விதம் செய்தோம்.

மருந்துக்கு அடங்காத கிருமி வேறெதற்கேனும் அடங்குமோ என்று நூல்நிலையத்தில் தேடலானோம். 1900-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகரத்து மாணவர் ஆஸ்கார் ராப் ஓர் உண்மையை வெளியிட்டார். அக்ரிடின் என்னும் சாயம் கலந்த நீரில் பாரமேசியம் என்னும் ஓரணுவுயிர்கள் வெளிச்சத்தில் விரைந்து மாண்டன. இருளிலோ நெடுநேரம் பிழைத்திருந்தன. கொன்றது ஒளியும் சாயமும் கூடிய கூட்டே.

அவ்வழியிலேயே, 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், காட்மியமும் டெல்லூரியமும் சேர்ந்த நுண்துகள்களைக் கிருமிகளின்மீது சோதித்தனர். ஒரு மயிரின் பருமனை 20,000 கூறாக்கின் ஒரு கூறளவே அத்துகள். ஒளி பட்டவுடன் அது கிளர்ச்சியுற்று, அருகிலுள்ள பிராணவாயுவைக் கடுந்திறன் உடையதாக்குகின்றது. அதனாற் கிருமியின் உயிர்த்தொழில் குலைகின்றது. பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகளுள் நூற்றுக்கு 92 மடிந்தன. இருளில் அத்துகள் வாளாவிருக்கும்.

இதனைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் விடியலிலேயே மருத்துவரிடம் ஓடிக் கூறினோம். அவர் பொறுமையுடன் கேட்டு, "தம்பி, அவை மடிந்தது கண்ணாடிக் கலத்தில். அவ்வொளி தசையினுள் ஆழச் செல்லாது, காட்மியமோ நஞ்சு. அப்பாவின் கால் அதுவரை காத்திராது" என்றார். அவ்வாரமே இரண்டு விரல்கள் நீக்கப்பட்டன. எஞ்சிய மூன்று மருந்துகளுள் ஒன்றால் புண் ஆறிற்று.

தந்தையார் இன்று கோலூன்றி நடக்கின்றார். எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எமக்குப் பெருந்தண்டம்.

அன்பர்காள்! ஒளியால் கிருமியை வெல்லும் நாள் வருமென்றே நம்புகின்றோம். அந்நாள் வருமளவும், கையிலுள்ள மருந்துகளை வீணே வழங்கிக் கிருமிக்குப் போர் பழக்காதிருத்தல் நம் கடன்.