தையில் யாருக்குத் திருமணம்?

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் சங்கச் செயலாளர், "பெண்களைப் பற்றி ஏதாவது எழுதுங்கள், அக்கா" என்றார். சென்ற ஆண்டும் என்னிடம் அதையேதான் கேட்டார்கள். தேர்தலைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ எழுதித் தரும்படி எந்தப் பெண்ணையும் இதுவரை கேட்டதாக எனக்கு நினைவில்லை. போகட்டும்; கேட்டதையே எழுதிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் இத்தில்லி மாநகரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வேலை தேடிப் போயிருந்தேன். எனக்கு முன்னால் உள்ளே சென்றவர் என் வகுப்புத் தோழர். அவரிடம் ஒப்பந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டார்களாம். என்னிடமும் அதையே கேட்டார்கள். தவறில்லாமல் பதில் சொன்னேன் என்றே நினைக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு, அங்கிருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, மிகக் கனிவாக, "பேட்டி, வீட்டில் கல்யாணப் பேச்சு ஏதும் நடக்கிறதா?" என்றார். இந்தியில் 'பேட்டி' என்றால் மகள். ஆக, அன்று எனக்குப் பேட்டியும் நடந்தது. 'பேட்டி' என்ற பட்டமும் கிடைத்தது.

"இல்லை, ஐயா. இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு அந்த எண்ணமே கிடையாது" என்றேன்.

ஐந்து ஆண்டு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துச் சொன்னேன். வெளியே வந்ததும் தோழரிடம், "உங்களிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார்களா?" என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார். வேடிக்கை என்னவென்றால், தையில் திருமணம் நிச்சயமாகியிருந்தது அவருக்குத்தான்!

அந்த வாரமே எங்கள் வகுப்பில் ஒரு தீர்ப்பைப் படித்து வரச் சொன்னார்கள். சி. பி. முத்தம்மா அம்மையார் தொடுத்த வழக்கு அது. குடகு நாட்டில் பிறந்து, நம் சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்தவர். 1949-இல் இந்திய அயல்நாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி. மணம் செய்துகொண்டால் வேலையை விட்டு விலகிவிடுவதாக அவரிடம் அப்போது எழுதி வாங்கினார்கள். 1961-ஆம் ஆண்டு விதிகளோ அதையே அச்சிட்டு வைத்திருந்தன. பெண் அதிகாரி மணம் புரிய அரசின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். மணமான பின் குடும்பப் பொறுப்பு அவர் பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால், அவரை விலகும்படி சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு அப்படி ஒரு வரியும் இல்லை. 1970-இல் அங்கேரி நாட்டுக்குத் தூதராக அனுப்பப்பட்ட அவருக்கே பின்னர் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசரமாக உயர்வை அளித்துவிட்டது; அதனால் 1979-இல் மனு தள்ளுபடியாயிற்று. ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதோடு விடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் கடமைக்குக் குறுக்கே நிற்குமானால் ஆணின் கடமைக்கு மட்டும் நிற்காதா என்ற பொருள்படக் கேட்டு, அவ்விதிகளைக் கண்டித்து எழுதினார்.

இந்த இடம் வரை படித்திருந்தேன். மணி ஒன்பதே கால். பெண்கள் விடுதியின் கதவை ஒன்பதரைக்குச் சாத்திவிடுவார்கள். எதிரே அமர்ந்து அதே தீர்ப்பைப் படித்துக்கொண்டிருந்த தோழர், "நான் முடித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்றார். நல்லவர்தாம். புத்தகத்தை மூடிவிட்டு ஓடினேன்.

வழி நெடுக ஒன்றுதான் உறுத்தியது. அந்த அம்மையாரிடம் கேட்டு எழுதி வாங்கினார்கள். என்னிடமோ கேட்காமலே, நானே வாயால் எழுதிக் கொடுத்துவிட்டேன். விதி ஏட்டிலிருந்து போய்விட்டது. என் நாக்கில் எப்படி வந்து உட்கார்ந்தது?

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். வீட்டில் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு தம்பிக்கு. ஆச்சி அதை ஒரு சட்டமாகச் சொன்னதே இல்லை. அகப்பை தானாக அந்தப் பக்கம் போகும். அம்மா பள்ளி ஆசிரியை. நான் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அவளுக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. கோவில்பட்டிக்கு அப்பால் ஒரு பள்ளி. அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் இஷ்டம்" என்றார். ஆச்சியும் ஒன்றும் சொல்லவில்லை, "காலையில அடுப்ப யாரு பத்த வைக்கது?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அம்மா பதவி உயர்வைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளை நான்தான் பிழை பார்த்துக் கொடுத்தேன். ஒரு பிழையும் இல்லை; அம்மாவின் கையெழுத்து அவ்வளவு அழகு.

பேட்டியில் நடந்ததைச் சென்ற வாரம் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஏட்டி, அஞ்சு வருசம்னு ஏன் சொன்ன? அது உன் பாடுன்னுல்லா சொல்லியிருக்கணும்" என்றாள். அம்மாவா இப்படிப் பேசினாள் என்று வியந்து போனேன். "நீ ஏன்மா அன்னைக்கு எழுதிக் குடுத்த?" என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். அன்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பொங்கல் விழாவில் கோலம், குத்துவிளக்கு, பந்தி பரிமாறல் எல்லாம் பெண்களுக்கு. ஒலிபெருக்கி, வரவு செலவு, தலைமையுரை எல்லாம் ஆண்களுக்கு. ஏன் என்று செயலாளரைக் கேட்டேன். "கூட்டத்துக்குப் பெண்கள் யாரும் வருவதில்லையே, அக்கா" என்றார், மெய்யான வருத்தத்தோடு. கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு நடக்கும் தெரியுமா? ஆண்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில், இரவு பத்து மணிக்கு!

சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார் தம்பி. அடுத்த கூட்டத்தை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, நூலகத்துக்கு எதிரேயுள்ள புல்வெளியில் வைத்தார். பெண்கள் பதினொரு பேர் வந்தோம். ஆண்களில் பாதிப் பேர் தூக்கம் கலையாமல் ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குள் பொருளாளர் தேர்தல் முடிந்து, கணக்கு நோட்டு என் மடியில் இருந்தது. கடைசியாக வந்தவர், "அப்படியானால் கோலம் யார் போடுவது?" என்று கேட்டார். தையில் திருமணம் நிச்சயமான தோழர் மெல்லக் கையைத் தூக்கினார்.