சம்பந்தி ஊர்கள்

மனிதர்கள்தான் சம்பந்தம் செய்துகொள்வார்கள் என்பதில்லை, ஊர்களும் செய்துகொள்கின்றன. இங்கிலாந்தின் கீழ்க்கரையிலுள்ள ஹல் துறைமுகமும், மேற்கு ஆப்பிரிக்காவில் ஸியரா லியோனின் தலைநகரான ப்ரீடவுனும் அப்படிக் கைகோத்த சகோதர நகரங்கள். ஹல்லில் ஒரு பெரிய சாலைக்குப் பெயர் 'ப்ரீடவுன் வே'. ப்ரீடவுனிலோ குன்றின்மேல் ஒரு பகுதிக்கு 'வில்பர்போர்ஸ்' என்று பெயர்! 1759-ல் ஹல்லில் பிறந்த அவர், அடிமை வாணிபத்தை ஒழிக்கப் பார்லிமெண்டில் ஏறக்குறைய இருபது வருஷம் மல்லுக்கு நின்றவர். 1807-ல்தான் சட்டம் நிறைவேறிற்று.

பிறந்த ஊரில் அவருக்கு 102 அடி உயரத் தூண் நிற்கிறது. நியாயம்தான். ஆனால் 1792-ல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து 15 கப்பல்களில் வந்து ப்ரீடவுனை உண்டாக்கிய சுமார் 1,200 கறுப்பு மக்கள்? பெரும்பாலும் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள். கரையேறியதும் அவர்கள் கூடித் தொழுததாகச் சொல்லப்படும் மரத்தையே ஊரார் போற்றி வந்தார்கள். நம் இலவமர ஜாதிதான் அது. 2023 மே மாதப் புயல்மழையில் அதுவும் சாய்ந்துவிட்டது. மிஞ்சியது அடிமரம் மட்டுமே.